மாமா சைக்கிளுக்கு வாட்டர் சர்வீஸ்

காதலிக்கிற பெண்ணின் அப்பாவிடமிருந்து குடை வாங்கலாம். புத்தகம் வாங்கலாம். அவசரத்துக்கு ஒரு சட்டையைக்கூட வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சைக்கிளை மட்டும் வாங்கவே கூடாது. குடை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும்; புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். சைக்கிள் அப்படியில்லை. வெளியே பளபளவென்று நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே அதற்கு உயிர் போய்க்கொண்டிருக்கும்.

அந்த உயிர் இருக்கும் இடத்துக்கு பாட்டம் பிராக்கெட் என்று பெயர். (இந்தப் பெயர் எனக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.) இரண்டு பெடல்களையும் இணைக்கிற அச்சு, சட்டத்தின் அடியில் ஒரு குட்டைக் குழாய்க்குள் சுற்றுகிறது. அதைத் தாங்க இடப்பக்கம் ஒரு பேரிங், வலப்பக்கம் ஒரு பேரிங். நாம் எவ்வளவு கனமாக இருந்தாலும், எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அந்த அடியெல்லாம் கடைசியில் இந்த இரண்டின் தலையில்தான் விழுகிறது. உள்ளே மிளகு மிளகாக எஃகு உருண்டைகள், அவற்றைச் சுற்றிக் கொழகொழவென்று கிரீஸ். கிரீஸ் இருக்கும்வரை ராஜ வாழ்க்கை. கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே வந்தால் துரு. துரு வந்தால் சத்தம். சத்தம் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரஞ்சனியும் நானும் தி.நகரில் ஒரே இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்து, விஷயம் கல்யாணம் வரை வந்து நின்றது. என் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. ("அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா? நெஜமாவா?" என்று அம்மா கேட்டதை எதிர்ப்பு என்று சொல்ல முடியாது.) ரஞ்சனியின் வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அவள் அப்பா மிருதங்க வித்வான். வீட்டிலேயே வகுப்பு நடத்துபவர். இன்றைக்கு அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவர் எனக்கு 'சார்'. அதுவும் பாதித் தொண்டையிலேயே நின்றுவிடுகிற சார்.

"அப்பா சம்பளம் கேக்க மாட்டார், நீ எந்த ஜாதின்னும் கேக்க மாட்டார்," என்றாள் ரஞ்சனி. "ஆனா ஆளைப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா யார் சொன்னாலும் நடக்காது. அவரோட ரெண்டே விஷயம்தான் பேச முடியும். ஒண்ணு மிருதங்கம், இன்னொண்ணு சைக்கிள். உனக்கு எது வரும்?"

மிருதங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு இரண்டு பக்கம் உண்டு என்பதுதான். எனவே சைக்கிள் என்றேன். பிளஸ் டூ டியூஷனுக்குப் போய் வந்ததோடு என் சைக்கிள் வாழ்க்கை முடிந்துவிட்டது என்பதை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "கதிர் நன்னா சைக்கிள் ஓட்டுவான்" என்று அவள் சமையலறையில் மாமியிடம் சொன்னது கூடத்தில் இருந்த மாமாவை அடைவதற்குள், நான் வாரா வாரம் பாண்டிச்சேரி போய் வருகிற ஆளாகிவிட்டேன்.

முதல்முறை போனபோது கூடத்தில் ஒரு பக்கம் கொலுப்படி. இன்னொரு பக்கம் சுவரோரமாக உறை போட்ட மிருதங்கங்கள் வரிசையாக. அந்த வரிசையின் கடைசியில், பழைய எட்டு முழ வேட்டியால் போர்த்தப்பட்டு ஒரு நீல நிற கியர் சைக்கிள். வாத்தியங்களோடு வாத்தியமாக அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததுமே நான் எழுந்து போயிருக்க வேண்டும். மாமா ஒல்லியான மனிதர். அறுபதைத் தொட்டிருந்தும் தினமும் விடிகாலையில் சாந்தோம் வழியாக அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் வரை போய்விட்டு வருபவர்.

"வாரா வாரம் பாண்டிச்சேரியாமே?" என்றார்.

"எல்லா வாரமும் இல்ல சார்," என்றேன் பணிவாக. (எந்த வாரமும் இல்லை என்பதும் அதில் அடக்கம்தானே.)

அவர் வேட்டியை விலக்கிச் சைக்கிளைக் காட்டினார். நான் டயரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "ம்ம்" என்றேன். அந்த 'ம்ம்' அவருக்குப் பிடித்துவிட்டது.

"நாளைக்கு நான் திருச்சி பக்கம் போறேன், நவராத்திரி கச்சேரியெல்லாம் இருக்கு. ஆயுத பூஜைக்குக் கார்த்தாலதான் வந்து எறங்குவேன். அதுவரைக்கும் இது சும்மா நிக்கறதுல எனக்கு இஷ்டம் இல்லை. நீங்க எடுத்துண்டு போய் ஓட்டுங்கோ. பூஜைக்குக் கொண்டுவந்து வெச்சுடுங்கோ. மத்ததை அப்புறம் பேசலாம்."

மத்தது என்றால் எங்கள் கல்யாணம். படி இறங்கும்போது மாமி பின்னாலேயே வந்து சன்னக் குரலில் எச்சரித்தார். "அந்த வண்டியை நான் பெருக்கறச்சே லேசா நகர்த்தினாக்கூட கோச்சுப்பார். உங்களை நம்பிக் குடுத்திருக்கார். ஒரு வண்டியை ஒருத்தன் எப்படி வெச்சுக்கறான்னு பாத்தாலே அவனைத் தெரிஞ்சுடும்னு சொல்லிண்டே இருப்பார். பாத்துக்கோங்கோ."

பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை. அந்தச் சைக்கிளை நான் பார்த்துக்கொண்டதுபோல எந்தத் தாயும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். தி.நகரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தினமும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாண்டி பஜாரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது என் மழைக்கோட்டைக் கழற்றிச் சைக்கிளுக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்தேன். கடை வாசலில் ஒதுங்கியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இரவு அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படுத்தேன். "சைக்கிளுக்குப் பாய் தலகாணி போடட்டுமா?" என்றார் அப்பா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அதைக் கவனித்தேன். பெடல்களின் அச்சு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் வளையமாகக் கன்னங்கரேலென்று ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. இவ்வளவு அழகான வண்டியில் இவ்வளவு அழுக்கா? மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, பாவம், வயதாகிறதல்லவா என்று நினைத்தேன். நாளைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிற வண்டி இப்படியா போவது? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஊரே வண்டி கழுவுகிற நாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், கோடம்பாக்கம் பக்கமிருந்த ஒரு வாட்டர் சர்வீஸ் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் லோடு ஆட்டோக்கள், பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன்.

பம்ப் வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், சைக்கிளா? வண்டிங்கலாம் வருசையா நின்னுகினு கீது, நீ இத்த தள்ளிக்கினு வந்துகீற. ஒரு பக்கெட் தண்ணி ஊத்திகினா போவாதா?"

"இல்லண்ணா, ரொம்ப முக்கியமான வண்டி. இங்க பாருங்க, கருப்பா இருக்கு. போகவே மாட்டேங்குது."

"டீசல் அட்ச்சா போய்டும். அடிக்கவா?"

"அடிங்கண்ணா."

லாரிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைப்பதற்காக அடிக்கிற டீசல் அது. அதை மாமாவின் சைக்கிள் மேல் புகையாகப் பீய்ச்சினார். பிறகு சோப்பு நுரை. பிறகு தண்ணீர். அந்தத் தண்ணீரின் வேகத்தில் சைக்கிளே இரண்டடி நகர்ந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கருப்புலயே அடிங்கண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சு அடிங்க," என்று வழிகாட்டினேன். அவர் குழாய் முனையை அந்த வளையத்துக்கு நேராக வைத்து அடித்தார். கருப்பாக ஒரு குழம்பு வழிந்து ஓடியது. எனக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது. மறுபக்கமும் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒனக்கு இன்னும் கண்ணாலம் ஆவல இல்ல?" என்றார் அவர்.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

"ஆயிருந்தா இத்தினி பொறுமை இருக்காது சார்."

பெடலைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். முன்பைவிட லேசாக, பம்பரம்போல் நிற்காமல் சுற்றியது. நான் பூரித்துப் போனேன். கிரீஸ் இல்லாவிட்டால் அச்சு அப்படித்தான் கொஞ்ச நேரம் துள்ளிக்கொண்டு சுற்றும் என்பது பிற்பாடு கிடைத்த ஞானம்.

மறுநாள் காலை, பட்டை போட்ட வேட்டி கட்டி, சைக்கிளின் கைப்பிடியில் சாமந்தி மாலை சுற்றி, மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். ஆழ்வார்பேட்டை வருவதற்குள் காலுக்கடியில் 'கிர்' என்றது. சாலை முழுவதும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள்; ஏதோ ஒரு துண்டு மாட்டிக்கொண்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் 'கிர்' போய் 'டொக்' வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டொக். லஸ் சிக்னலில் நின்று கிளம்பியபோது பக்கத்து ஆட்டோவிலிருந்து தலை நீண்டது.

"நைனா, உள்ள இன்னா கோழி வச்சிக்கினு போறியா?"

அங்கே ஒரு மளிகைக் கடை திறந்திருந்தது. தேங்காய் எண்ணெய் பாக்கெட் ஒன்று வாங்கி, பல்லால் கடித்துப் பிய்த்து, அச்சின் இரண்டு பக்கமும் ஊற்றினேன். மீதியைத் தலையில் தேய்த்துக்கொண்டேன். (வீணாக்க வேண்டாம் என்பதுதான் காரணம்.) சத்தம் குறையவில்லை. சைக்கிளும் நானும் ஒரே வாசனை அடித்ததுதான் லாபம்.

சந்து முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. சத்தம் நின்றுவிட்டது! தள்ளும்போது சக்கரம்தான் சுற்றும், பெடல் சுற்றாது, அச்சும் சுற்றாது. இதை யோசித்துக் கண்டுபிடித்த அந்த ஒரு நிமிடம்தான் நான் அந்த வாரத்தில் மூளையைப் பயன்படுத்திய நிமிடம். தள்ளியே உள்ளே கொண்டுபோனேன். மாமா அப்போதுதான் ஊரிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்றிருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பேஷ்! புதுசு மாதிரி இருக்கே!"

சைக்கிளை மிருதங்கங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நான் கும்பிட்ட கும்பிடு சரஸ்வதிக்கு மட்டும் இல்லை. அடுத்து, ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ரஞ்சனிதான் காப்பாற்றினாள், அவளுக்கே தெரியாமல். "நம்மாத்துல பூஜையில வெச்ச எதையும் இன்னிக்குத் தொட மாட்டோம், கதிர். வாத்தியம், புஸ்தகம், வண்டி எல்லாம் நாளைக்கு விஜயதசமி பூஜை ஆனப்புறம்தான் எடுக்கணும்."

என்ன அருமையான பழக்கம் என்று மனம் உருகினேன். சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது மாமா என் தோளில் கை வைத்து, "நாளைக்குக் கார்த்தால வந்துடுங்கோ. முதல் சுத்து நீங்கதான் ஓட்டணும். சிஷ்யாளெல்லாம் வருவா. அப்படியே உக்காந்து மத்ததையும் பேசிடலாம்," என்றார். சாப்பிட்ட சுண்டல் நெஞ்சிலேயே நின்றது.

விஜயதசமி காலையில் அந்தச் சந்தில் திருவிழாக் கூட்டம். மிருதங்கம் சேர வந்த குழந்தைகள், கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர், பழைய மாணவர்கள், வாசலில் கோலத்தோடு எதிர்வீட்டுக்காரர்கள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட, மாமா சைக்கிளை என்னிடம் கொடுத்தார். டீசலும் சோப்புத் தண்ணீரும் இரண்டு இரவு முழுக்க உள்ளேயே ஊறியிருந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். ரஞ்சனி வாசற்படியில் நின்று கையை ஆட்டினாள்.

டொக்.

மாமாவின் தலை நிமிர்ந்தது.

டொக். டொக்.

சமாளிப்பதற்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு டொக்குக்கும் சைக்கிள் மணியை அடித்தேன். சத்தத்தைச் சத்தத்தால் அமுக்கிவிடலாம் என்பது திட்டம். டொக்-டிங், டொக்-டிங் என்று சந்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தால், மாமா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். குருவே போடுகிறாரே என்று மாணவர்களும் போட ஆரம்பித்திருந்தார்கள். புதிதாகச் சேர வந்த குழந்தைகளும் தப்பும் தவறுமாகத் தட்டினார்கள். அவர்களுடைய முதல் பாடம் என் பெடலில்தான் நடந்தது.

"இன்னும் கொஞ்சம் விரசா மிதிங்கோ," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

மிதித்தேன். டொக்டொக்டொக்.

"இப்போ மிதிக்காதேங்கோ. சும்மா உருளட்டும்."

சத்தம் நின்றது.

"சக்கரத்துல இருந்தா உருளறச்சேயும் வரணும். வரலை. ஒரு மிதிச் சுத்துக்கு ஒரு அடி, பிசகாம விழறது," என்று மாணவர்களுக்கு விளக்கினார். "அச்சுலதான் இருக்கு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மணி எதுக்கு?"

"ஒரு... மங்களகரமா இருக்கட்டும்னு சார்."

அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்று பலம் கொண்ட மட்டும் ஒரு மிதி மிதித்தேன். அத்தோடு அச்சு இறுகிப் பிடித்துக்கொண்டது. பெடல் சுற்ற மறுத்தது, செயின் கழன்றது, நான் முன்னால் போனேன், சைக்கிள் பின்னால் நின்றது. எதிர்வீட்டு வாசலில் முந்தின நாள் உடைத்த பூசணிக்காயின் மேல் முகம் பதிய விழுந்தேன். அந்தக் காய்க்குள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி உடைத்திருந்தார்கள். நான் எழுந்தபோது நெற்றி, மூக்கு, பட்டை போட்ட வேட்டி எல்லாம் ஒரே சிவப்பு.

"ஐயோ, ரத்தம்!" என்று மாமி அலறினார். குழந்தைகளில் பாதி அழுதது. ஒரு தகப்பனார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். ரஞ்சனி ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, "பூசணிக்கா," என்று அறிவித்தாள். அதற்கப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கூடத்தில் செய்தித்தாள் விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழைய மிருதங்க உறையிலிருந்து ஸ்பானர்களை எடுத்து அடுக்கினார். நான் பூசணி விதைகளோடு எதிரில் உட்கார்ந்தேன். பின்னால் கொலுப்படியில் அத்தனை பொம்மைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணினேள்?"

"சுத்தம் பண்ணேன் சார். கருப்பா இருந்துச்சு, அதான் வாட்டர் சர்வீஸ்ல விட்டு... கொஞ்சமா டீசல் அடிச்சு..."

"டீசல்!"

"அழுக்குன்னு நெனச்சேன் சார்."

மாமா எழுந்தார். ஒரு மிருதங்கத்தின் உறையைக் கழற்றி, வலப்பக்கத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். தோலின் நடுவில் வட்டமாக, கருப்பாகக் கரணை.

"இதுவும்தான் கருப்பா இருக்கு. சுரண்டிடுவேளா? இது இல்லைன்னா மிருதங்கம் பேசுமா? அங்கே இருந்தது அழுக்கு இல்லை, கிரீஸ். தண்ணி உள்ளே போகாம வாசல்ல நின்னு காத்துண்டிருந்தது. அதைத் தொரத்திட்டு, வேகமாத் தண்ணியை வேற உள்ளே அனுப்பியிருக்கேள்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே. ரஞ்சனி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் இல்லாத மதியச் சாப்பாட்டை, தனியாகத் திறக்கப்போகிற டிபன் டப்பாவை நினைத்துப் பார்த்தேன். "சார், பேரிங் மாத்திக் குடுத்துடறேன். என்னை வேணா வேணாம்னு சொல்லிடுங்க. அவள திட்டாதீங்க," என்றேன்.

மாமா பெடல்களைக் கழற்றி, அச்சை உருவினார். வலப்பக்கத்து பேரிங் முதலில் வந்தது. சோப்பு நுரை, டீசல் வாடை, தேங்காய் எண்ணெய் மணம். (மாமி சமையலறையிலிருந்து, "என்னடி, அடை வாசனை வரது?" என்றார்.) பிறகு இடப்பக்கம். அதைக் கழற்றியதும் சட்டத்தைச் சாய்த்தார். துருத் தண்ணீர் காப்பி நிறத்தில் வழிந்தது. அதன் பின்னாலேயே ஒரு பிடி மணல் செய்தித்தாளில் கொட்டியது. மணலோடு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி.

ரஞ்சனி குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

"கதிர், பீச்சுக்குப் போனியா?" என்றாள் ரஞ்சனி.

"சத்தியமா இல்ல. ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ்."

மாமா அந்தச் சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார். மணலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"அதான் தெனம் கார்த்தால பேன்ட் முழங்கால் வரைக்கும் ஈரமா வரேளா? கேட்டா வேர்வைங்கறேள்!"

"இல்லை... சக்கரத்துல மணல் ஒட்டிக்கறது. அலையில ஒரே ஒரு தரம் விட்டு எடுத்தா போயிடும்னு..."

"ஒரு தரமா?"

மாமா இடப்பக்கத்து பேரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். கரகரவென்று மணல் அரைத்தது. துரு அதில் ஏடு ஏடாக உரிந்தது. நினைத்திருந்தால் பழி முழுவதையும் என் தலையில் கட்டியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்க மாட்டேன். அவரோ பேரிங்கை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது முந்தாநேத்து வந்த துரு இல்லை. உப்புத் துரு. ரொம்ப நாளா ஊறியிருக்கு. அலையில கால் நனைக்கணும்னு எனக்கு ஆசை, வண்டியைக் கரையில விட்டுட்டுப் போக மனசு இல்லை. அதையும் கூட்டிண்டு எறங்கினேன். நீங்க டீசல் அடிக்கலைன்னாலும் இது தீபாவளி தாண்டியிருக்காது." இரண்டு பேரிங்குகளையும் செய்தித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வலது உங்களோடது. இடது என்னோடது."

இரண்டும் ஒரே வண்டியின் மேல் வைத்த ஆசையால்தான் வீணாகியிருந்தன. நான் அழுக்கு இருக்கக் கூடாது என்று கெடுத்தேன், அவர் பிரிந்து இருக்கக் கூடாது என்று கெடுத்தார். அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். முந்திக்கொண்டவர் மாமி. கரண்டியை நீட்டி, முதலில் அவரையும் பிறகு என்னையும் காட்டி ரஞ்சனியிடம் சொன்னார்.

"இதுக்கு மேல என்னடி பேச இருக்கு? ரெண்டும் ஒரே அச்சு. இவரோட இத்தனை வருஷம் நான் இருக்கலையா? உனக்கும் பழகிடும்."

அவ்வளவுதான் எங்கள் நிச்சயதார்த்தம். மாமா கிரீஸ் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் 'சார்' என்று ஆரம்பித்து, 'மாமா' என்று முடித்தேன். வாசலில் யாரோ வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவருக்கும் உதவியாளருக்கும் சுண்டல் கொடுத்து அனுப்பினோம்.

விஜயதசமி சாயங்காலம் கொலுவில் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். மாமி மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, செய்தித்தாளில் கிடந்த பேரிங்குகளைத் துடைத்து எடுத்து வந்து மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். "இதுகளும் பாவம், ரொம்ப உழைச்சுடுத்து," என்றார்.

கல்யாணமாகி, எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். நானும் இப்போது நிஜமாகவே சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவுக்குப் பின்னால் மூச்சிரைக்க அடையாறு பாலம் ஏறுகிறேன். (பாண்டிச்சேரி இன்னும் பாக்கி இருக்கிறது.) பேரிங் எவ்வளவு நாள் உழைக்கும் என்று புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் என்னைக் கேட்பதுண்டு. என்ன பதில் சொல்வது? ஒருவரிடம் பத்து வருஷம் வாயைத் திறக்காமல் உழைக்கும், இன்னொருவரிடம் ஒரு மழைக்காலம் தாங்காது. கோணலாக மாட்டினால் போகும், அளவுக்கு மேல் முடுக்கினால் போகும், வெள்ளத்தில் இறக்கினால் போகும். கடற்கரை ஊரில் சும்மா நிறுத்தி வைத்தாலே கொஞ்சம் போகும். ஈரத் துணியால் துடையுங்கள், கருப்பைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் மாமியிடமிருந்து தவறாமல் எனக்குப் போன் வரும். "எங்கே இருக்கேள்?" என்பார். வீட்டில் என்று சொன்னால், நம்பாமல் ரஞ்சனியிடம் போனைக் கொடுக்கச் சொல்வார்.

மயிலாப்பூர் கொலுவில் வருஷா வருஷம் அந்த இரண்டு பேரிங்குகளுக்கும் கீழ்ப்படியில் இடம் உண்டு. மரப்பாச்சிக்குப் பட்டுத் துணி மாற்றும்போது மாமி இவற்றுக்கும் சின்னதாக ஜரிகை சுற்றிவிடுவார். போன நவராத்திரியில் வெற்றிலை பாக்குக்கு வந்த ஒரு பெண்மணி வலப்பக்கத்து பேரிங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கரகரவென்றது.

"இது என்ன மாமி, புது மாதிரி பொம்மை?"

"அது எங்காத்து மாப்பிள்ளை. பக்கத்துல இருக்கறது மாமா," என்றார் மாமி. "ரெண்டும் சுத்தாது, சத்தம் மட்டும் வரும். தூக்கிப் போடத்தான் மனசு வரலை."

நானும் மாமாவும் அங்கேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.